இருப்பாய்வு சமமான பிறகு: வணிகவியல் மாணவர்களுக்குத் தொழில்திறன்களைக் கற்பிக்கும் முறை

பி.காம். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் நிறுமத்தின் இறுதிக் கணக்குகளை 40 நிமிடத்தில் பிழையின்றித் தயாரித்துவிடுகிறார். பற்றும் வரவும் ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் பட்டியலான இருப்பாய்வு (டிரயல் பேலன்ஸ்) சமமாகிறது, இருப்புநிலைக் குறிப்பின் இரு பக்கங்களும் ஒத்துப்போகின்றன. அதே மாணவியிடம் ஒரு கடைக்காரர், “இலாபம் ஆறு இலட்சம்னு சொல்றீங்கம்மா, பேங்க்ல பணமே இல்லையே, எங்க போச்சு?” என்று கேட்பதாக வைத்துக்கொண்டு பதில் சொல்லச் சொன்னால், அவர் அமைதியாக நிற்கிறார். அவருக்கு விடை தெரியாமல் இல்லை. அந்த விடை அவருடைய தாளில், பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று காட்டும் ரொக்க ஓட்ட அறிக்கை என்ற தலைப்பின் கீழ் முழுமையாக இருக்கிறது. தாளில் இருப்பதை இன்னொரு மனிதருக்குப் புரியும் வாக்கியமாக மாற்றுவதற்கு அவருக்கு ஒரு நாளும் வாய்ப்பு தரப்படவில்லை என்பதுதான் குறை. அந்தக் குறை அவருடையது அன்று, கற்பிக்கும் நம்முடையது.

கலை அறிவியல் கல்லூரிகளில் கணக்குப்பதிவியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்காக, அதிலும் 60 பேர் கொண்ட வகுப்பையும் முடித்தே ஆக வேண்டிய பாடத்திட்டத்தையும் கையில் வைத்திருப்பவர்களுக்காக, இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். என் அனுபவத்தில் உறுதிப்பட்ட கருத்து ஒன்றுதான்: எழுதுதல், பேசுதல், தீர்மானித்தல், கேள்வி கேட்டல், மறுத்தல் ஆகிய திறன்களைத் தனி வகுப்பில் கற்பித்தால் அவை கணக்கு வேலைக்குள் வந்து சேர்வதில்லை, கணக்குக்குள்ளேயே வைத்துக் கற்பித்தால்தான் நிற்கின்றன. ஆளுமை மேம்பாட்டு வகுப்பில் தன் பொழுதுபோக்கைப் பற்றி ஆங்கிலத்தில் அழகாகப் பேசும் மாணவர், கடனாளிகள் தொகை (வாடிக்கையாளர்கள் தர வேண்டிய பாக்கி) ஏன் ஏறியது என்று கேட்டால் தடுமாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பேச்சுத்திறன் பேசும் பொருளிலிருந்து பிரித்தெடுக்கக் கூடிய ஒன்று அன்று.

எந்தத் திறன்கள் என்பதற்கு நாம் புதிதாகப் பட்டியல் தயாரிக்க வேண்டியதில்லை. பன்னாட்டுக் கணக்காளர் கூட்டமைப்பின் கல்வித் தரநிலைகளில் மூன்றாவது, தொழில்முறைத் திறன்களைப் பற்றியது. 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள அதன் திருத்திய வடிவம் அறிவுசார் திறன்கள், பிறரோடு பழகி எடுத்துரைக்கும் திறன்கள், தன்னைத்தான் நடத்திக்கொள்ளும் திறன்கள், வேலையை ஒழுங்குசெய்யும் திறன்கள் என நான்கு வகைகளைச் சொல்கிறது. இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் அந்தக் கூட்டமைப்பின் உறுப்பு அமைப்பு. நம் மாணவர்களில் சிலர் சி.ஏ. படிக்கச் செல்வார்கள் என்பதால் இந்தத் தரநிலை நமக்கு அந்நியமானதன்று. ஆனால் பெரும்பாலோர் தணிக்கை அலுவலகத்துக்கோ, பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கோ, வங்கிக்கோ செல்வார்கள். அவர்களுக்கும் இதே நான்கும்தான் வேண்டியிருக்கிறது.

இந்த விவாதம் புதியதும் அன்று. அமெரிக்காவில் 1989-ஆம் ஆண்டு, அன்றைய எட்டுப் பெரிய தணிக்கை நிறுவனங்களின் பண உதவியோடு, கணக்கியல் கல்வி மாற்ற ஆணையம் என்ற அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. பட்டம் பெறும் நாளிலேயே முழுத் தேர்ச்சி பெற்ற கணக்காளராக ஒருவரை வெளியே அனுப்புவது கல்லூரியின் வேலை அன்று, அப்படி ஆவதற்கு அவரைத் தயார்செய்வதே வேலை என்று 1990-இல் அந்த ஆணையம் கூறியது. பாடத்திட்டம் முடியவில்லையே என்ற கவலை வரும்போதெல்லாம் அந்த வேறுபாட்டை நான் நினைத்துக்கொள்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது

ஒரு பருவத்தில் ஒரு தாளை மட்டும் தேர்ந்தெடுங்கள். அந்தத் தாளில் இரண்டு திறன்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வகைகளையும் ஒரே பருவத்தில் தொட முயன்றால் எதுவுமே மாணவர் மனத்தில் பதியாது. ஆசிரியரும் திருத்தும் சுமையால் இரண்டாம் மாதத்திலேயே சோர்ந்துவிடுவார். முதலாம் ஆண்டு நிதிநிலைக் கணக்கியலில் எழுதுதலும் குழுவாக வேலை செய்தலும் நன்றாகப் பொருந்துகின்றன. செலவுக் கணக்கியலில் தீர்மானித்தலும், தணிக்கைத் தாளில் ஐயுற்றுக் கேட்டலும் மறுத்தலும் இயல்பாகவே இடம்பெறும். இந்தத் தேர்வைத் துறைக் கூட்டத்தில் சக ஆசிரியர்களோடு பேசிப் பிரித்துக்கொண்டால், மூன்று ஆண்டுகளில் மாணவர் எல்லாவற்றையும் ஒரு சுற்று கடந்துவிடுவார்.

சரிக்கட்டுதல்களை எடுத்துவிட்டுக் கணக்கைக் கொடுங்கள்

நம் பாடநூல் கணக்குகளின் கீழே ‘சரிக்கட்டுதல்கள்’ என்று ஒரு பகுதி இருக்கும். இயந்திரத்தின் மீது 10% தேய்மானம் நீக்குக, கடனாளிகள் மீது 5% ஐயக்கடன் ஒதுக்கு (வராமல் போகலாம் என்ற கடனுக்கான ஒதுக்கீடு) உருவாக்குக, இறுதிச் சரக்கிருப்பு ரூ. 84,000 என்று எல்லாம் அங்கே தரப்பட்டிருக்கும். வேலைக்குச் சென்ற முதல் மார்ச் மாதத்திலேயே மாணவர் கண்டுகொள்வது என்னவென்றால், அந்தப் பகுதியை யாரும் எழுதித் தருவதில்லை என்பதுதான். தேய்மானம் எவ்வளவு, எந்தக் கடன் வராது, சரக்கின் மதிப்பு என்ன என்பவற்றைத் தீர்மானிப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். ஆகவே தொழில்திறன் கற்பித்தலின் முதல் படி மிக எளியது. அந்தப் பகுதியை அழித்துவிட்டு, அதற்குப் பதிலாக ஆவணங்களையும் சில செய்திகளையும் கொடுங்கள்.

நான் பயன்படுத்தும் ஒரு கணக்கை முழுமையாகச் சொல்கிறேன். சிவகாசியில் நாட்காட்டியும் நாட்குறிப்பும் அச்சிடும் ஒரு சிறு அச்சகம் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். மார்ச் 31 அன்று கிடங்கில் 4,000 பிரதிகள் விற்காமல் கிடக்கின்றன. அவற்றில் 3,000 அந்த ஆண்டின் தேதியிட்ட நாட்குறிப்புகள். 1,000 தேதியிடாத குறிப்பேடுகள். ஒவ்வொன்றின் அடக்கவிலையும் ரூ. 90. நவம்பரில் நாட்குறிப்பு ரூ. 180-க்கு விற்றது. இப்போது பழைய தாள் வாங்குபவர் கிலோ ரூ. 20 தருவதாகச் சொல்கிறார். ஒரு பிரதி அரைக் கிலோ எடை. தேதியிடாத குறிப்பேடுகளை ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும்போது ரூ. 120-க்கு விற்கலாம், விற்பனைச் செலவு பிரதிக்கு ரூ. 5 ஆகும் என்று விற்பனைப் பிரதிநிதி சொல்கிறார். உரிமையாளரோ, “90 ரூபா போட்டு அடிச்சது, அதைக் குறைச்சுக் காட்டாதீங்க” என்கிறார். சரக்கிருப்பை எவ்வளவுக்குக் காட்டுவீர்கள்?

மாணவர்களில் பெரும்பகுதியினர் முதலில் ரூ. 3,60,000 என்று எழுதுவார்கள். அடக்கவிலை என்ற சொல்லைப் பார்த்ததும் கை அதையே பெருக்கும். ‘அடக்கவிலை அல்லது சந்தை விலை, எது குறைவோ அது’ என்ற விதியை மனப்பாடமாக வைத்திருக்கும் சிலர் கழிவுத்தாள் மதிப்பு 30,000, குறிப்பேடுகள் விற்றால் நிகரமாகக் கையில் வருவது 1,15,000, ஆக மொத்தம் ரூ. 1,45,000 என்று எழுதுவார்கள். அது 3,60,000-ஐ விடக் குறைவு என்பதால் விடை கிடைத்துவிட்டதாக நினைப்பார்கள். ஆனால் ஒப்பீட்டைச் சரக்கு வகைவாரியாகத்தான் செய்ய வேண்டும். தேதியிட்டவை ரூ. 30,000, தேதியிடாதவற்றின் அடக்கம் 90,000, கையில் வருவது 1,15,000, ஆகவே 90,000-தான், கூட்டினால் ரூ. 1,20,000. 1,45,000-இல் கூடுதலாக வந்த 25,000 இன்னும் விற்காத குறிப்பேட்டின் இலாபம் என்பதைக் கரும்பலகையில் பிரித்துக் காட்டும்போது, பல ஆண்டுகளாக மனப்பாடமாக மட்டும் இருந்த விதியின் காரணம் முதன்முறையாக அவர்களுக்குப் புலப்படும்.

இங்கே நிறுத்திவிடக் கூடாது என்பதுதான் முக்கியம். கணக்குப் பாடம் இங்கே முடிகிறது. தொழில்திறன் பாடம் இங்கேதான் தொடங்குகிறது. ஜூனில் ரூ. 120-க்கு விற்கும் என்று சொன்னவர் யார், அவருக்கு அதில் என்ன அக்கறை இருக்கிறது, சென்ற ஆண்டு ஜூனில் எத்தனை பிரதிகள் விற்றன என்பதை எந்தப் பேரேட்டில் பார்ப்பீர்கள், ஏப்ரல் மாதத்தில் உண்மையில் விற்ற பில் ஏதாவது இருக்கிறதா, கழிவுத்தாள்காரர் வாய்ச்சொல்லாகச் சொன்னாரா அல்லது எழுதித் தந்தாரா என்று வகுப்பைக் கேளுங்கள். ‘நான் உங்களுக்கு இன்னும் ஒரே ஒரு ஆவணம் தருவேன், எதைக் கேட்பீர்கள்?’ என்பது என் வகுப்பில் மிகவும் பயன்பட்ட கேள்வி. சென்ற ஆண்டின் ஜூன் மாத விற்பனைப் பதிவேட்டைக் கேட்ட மாணவருக்கும், விடைக்குறிப்பைக் கேட்ட மாணவருக்கும் உள்ள தூரத்தை அந்த ஒரு கேள்வி காட்டிவிடும்.

இத்தகைய கணக்கு ஒன்றுக்கு இரண்டு பாடவேளைகள் ஆகும். அதே நேரத்தில் நான்கு வழக்கமான பயிற்சிக் கணக்குகளைப் போட்டிருக்கலாம் என்பது உண்மை. ஆனால் அந்த நான்கில் மூன்று, முதல் கணக்கின் எண்களை மாற்றி எழுதியவையாகவே இருக்கும். அவற்றை வீட்டுப்பாடமாக்கிவிடலாம்.

கடிதம் எழுதச் சொல்லுங்கள்

எடுத்துரைக்கும் திறனுக்கு நான் அதிக நேரம் ஒதுக்குகிறேன், ஏனெனில் நம் மாணவர்களிடம் மிகவும் புறக்கணிக்கப்பட்ட திறன் அதுதான். பலர் மேல்நிலைப் பள்ளி வரை தமிழ்வழியில் படித்து, கல்லூரியில் ஆங்கிலவழி வணிகவியலுக்குள் நுழைகிறார்கள். பற்று, வரவு என்று புரிந்துகொண்டவை ஒரே கோடையில் டெபிட், கிரெடிட் ஆகிவிடுகின்றன. புரிந்ததைக்கூட எழுத முடியாமல், வழிகாட்டி நூலின் வாக்கியங்களை அப்படியே ஒப்பிப்பதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பாகத் தோன்றுகிறது. இதை மாற்ற ஒரு வழி, முதல் வரைவைத் தமிழில் எழுத அனுமதிப்பது. சிந்தனை தெளிவானபின் ஆங்கிலத்தில் எழுதுவது வேறு வேலை, அதைத் தனியே கற்பிக்கலாம். இரண்டு வேலைகளையும் ஒன்றாகச் செய்யச் சொன்னால் இரண்டுமே கெடும்.

பயிற்சி இப்படி அமையலாம். திருப்பூரில் ஜாப் ஒர்க் அடிப்படையில், அதாவது பிறருக்காகக் கூலிக்கு, துணி பின்னித் தரும் ஒரு பின்னல் பட்டறையின் ஆண்டுக் கணக்கைக் கொடுங்கள். இலாபம் ரூ. 6,00,000, அதில் கழிக்கப்பட்ட தேய்மானம் (பணமாக வெளியே போகாத செலவு) ரூ. 1,50,000, கடனாளிகள் தொகை ஆண்டின் தொடக்கத்தைவிட ரூ. 7,50,000 கூடியிருக்கிறது, இயந்திரக் கடனின் அசலில் ரூ. 2,40,000 கட்டப்பட்டது, உரிமையாளர் வீட்டுச் செலவுக்கு எடுத்தது ரூ. 1,80,000. வங்கி இருப்பு ரூ. 4,20,000 குறைந்துவிட்டது. எட்டாம் வகுப்பு வரை படித்து, 20 ஆண்டுகளாகத் தொழில் நடத்தும் அந்த உரிமையாளருக்கு, இலாபம் வந்தும் பணம் குறைந்தது ஏன் என்று ஒரு பக்கத்துக்கு மிகாமல் கடிதம் எழுதச் சொல்லுங்கள்.

முதல் வரைவுகள் பெரும்பாலும் வரையறையோடு தொடங்கும்: ‘ரொக்க ஓட்ட அறிக்கை என்பது...’ என்று. அந்த வரியை அடித்துவிட்டு, உரிமையாளர் கேட்ட கேள்விக்கு விடை முதல் வாக்கியத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். ‘நீங்கள் சம்பாதித்த பணத்தின் பெரும்பகுதி இன்னும் உங்களிடம் வேலை வாங்கியவர்களின் கையில்தான் இருக்கிறது’ என்ற வாக்கியத்தை ஒரு மாணவர் தானாக எழுதும் நாள், எனக்கு அந்தப் பருவத்தின் நல்ல நாள். அடுத்து ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்பது தெரிய வேண்டும்; விளக்காத கலைச்சொல் எதுவும் இருக்கக் கூடாது; உரிமையாளர் அடுத்து என்ன செய்யலாம் என்பது இருக்க வேண்டும்.

அந்தக் கடைசிப் பகுதியில்தான் பாட அறிவும் தொழில்திறனும் ஒன்றாகக் கலக்கின்றன. குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்தவருக்கு வாங்குபவர் எவ்வளவு நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பதை 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது: எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் போகக் கூடாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்கள். 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரிச் சட்டத் திருத்தத்தின்படி, அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் வாங்குபவர் தன் செலவாகக் கழித்துக்கொள்ள முடியும். வரித்தாளில் தனியே படித்த இந்த விதியைப் பட்டறைக்காரரின் கடிதத்தில் கொண்டுவந்து, ‘இதைச் சுட்டிக்காட்டி நீங்கள் நிலுவையைக் கேட்கலாம்’ என்று எழுதும் மாணவர் ஏற்கெனவே ஆலோசகராக நடந்துகொள்ளத் தொடங்கிவிட்டார்.

திருத்தும் சுமையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். 60 கடிதங்களையும் ஒவ்வொரு வாரமும் நுணுகித் திருத்த முடியாது. வாரம் 12 பேருடைய கடிதத்தை மட்டும் ஆழமாகப் படியுங்கள். ஐந்து வாரத்தில் எல்லோரும் ஒருமுறை வந்துவிடுவார்கள். மற்றவர்கள் பக்கத்திலிருப்பவரின் கடிதத்தை உரிமையாளராக இருந்து படித்து, புரியாத இடத்தில் பென்சிலால் கோடிட வேண்டும். புரியாத இடத்தைக் காட்டுவதற்குப் பெரிய புலமை தேவையில்லை, ஆகவே எந்த மாணவராலும் இதைச் செய்ய முடியும். மதிப்பெண் இரண்டாம் வரைவுக்கு மட்டுமே உண்டு என்பதை முதல் நாளே அறிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் யாரும் திருத்தி எழுத மாட்டார்கள்.

செல்பேசியில் உள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இந்தக் கடிதத்தை நொடியில் எழுதித் தந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு என் விடை: கடிதத்தை வகுப்பிலேயே கையால் எழுதச் சொல்லுங்கள், அதன்பின் இரண்டு நிமிடம் அந்தக் கடிதத்தைப் பற்றி வாய்மொழியாகக் கேளுங்கள். தான் எழுதாததை எவராலும் இரண்டு நிமிடம் தாங்கிப் பேச முடியாது.

குழு வேலை ஏன் தோற்கிறது

ஐந்து பேரைக் குழுவாக்கி ஓர் ஒப்படைப்பு கொடுத்தால் ஒருவர் எழுதுவார், நால்வர் பெயர் சேர்ப்பார்கள். மாணவரின் நேர்மைக் குறைவைவிட ஒப்படைப்பின் அமைப்பே இதற்குப் பெரிய காரணம். ஒருவரால் தனியே முடிக்கக்கூடிய வேலையைக் குழுவிடம் கொடுத்தால் ஒருவர்தான் முடிப்பார்.

ஆகவே, தகவலைப் பிரித்துக் கொடுங்கள். நம் ஏட்டில் உள்ள வங்கி இருப்புக்கும் வங்கி அறிக்கையின் இருப்புக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் இதற்கு மிகவும் ஏற்றது. நால்வர் குழுவில் ஒருவரிடம் ரொக்க ஏட்டின் வங்கிப் பத்தியும், ஒருவரிடம் வங்கி அறிக்கையும், ஒருவரிடம் காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டைகளும், ஒருவரிடம் பணம் கட்டிய சலான்களும் இருக்கட்டும். தன் தாளை மற்றவருக்குக் காட்டக் கூடாது, கேட்டால் சொல்ல மட்டும் செய்யலாம் என்பது விதி. சரியாகக் கேட்கத் தெரியாத குழு எண்களை உரக்கக் கூவிக்கொண்டு நேரத்தை இழக்கும். யாராவது ஒருவர் ‘முதலில் தேதி வாரியாகப் போகலாம்’ என்று ஒழுங்கு செய்யும் குழு 20 நிமிடத்தில் முடித்துவிடும். முடிந்தபின் அந்த ஒழுங்கை யார், எந்த நிமிடத்தில், எப்படிக் கொண்டுவந்தார் என்று குழுவையே சொல்லச் சொல்லுங்கள். வேலையை ஒழுங்குசெய்யும் திறன் என்று தரநிலை சொல்வதை அவர்கள் தங்கள் கண்ணால் கண்டுவிடுவார்கள். பின்னர் குழுவில் எவரேனும் ஒருவரை எழுப்பி, இன்னொருவரிடம் இருந்த ஆவணத்தைப் பற்றிக் கேளுங்கள். அந்த விடைக்கு உரிய மதிப்பெண் நால்வருக்கும் பொது.

இதையே அடுத்த நிலையில் ஜி.எஸ்.டி.யைக் கொண்டு செய்யலாம். சப்ளையர்கள் ஜி.எஸ்.டி. தளத்தில் ஏற்றிய பில்களைத் தொகுத்து ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி வரும் 2பி அறிக்கையையும் கொள்முதல் பதிவேட்டையும் ஒப்பிட்டால், சப்ளையர் ஏற்றாமல் விட்ட பில் ஒன்று கட்டாயம் இருக்கும்படி கணக்கை அமையுங்கள். கண்டுபிடிப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, அந்தச் சப்ளையருக்குத் தொலைபேசியில் பேசுவது. 20 வயது மாணவி, தன் தந்தை வயதுடைய மொத்த வியாபாரியிடம், அவர் தவறைச் சுட்ட வேண்டும், ஆனால் அவரைக் குற்றவாளியாக்கக் கூடாது. “அண்ணாச்சி, வணக்கம். மார்ச் மாசம் நீங்க போட்ட 412-ஆம் நம்பர் பில்லு எங்க 2பி-ல இன்னும் வரலை. உங்க ஆடிட்டர் ஆபீஸ்ல ஒரு தடவை பாத்துச் சொல்லச் சொல்வீங்களா? அது வந்தாத்தான் நாங்க வரியைக் கழிக்க முடியும்” என்ற நான்கு வாக்கியங்களைத் தயங்காமல் பேசுவதற்கு, பலருக்கு மூன்று நான்கு முறை பயிற்சி வேண்டியிருக்கிறது. பில் எண், மாதம், என்ன செய்ய வேண்டும், ஏன் என்ற நான்கும் அதில் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

ஐயுறவும், மறுக்கும் சொல்லும்

தணிக்கைத் தாளில் சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிகழ்வை எல்லோரும் குறிப்பிடுகிறோம். ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7 அன்று இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், ஏடுகளில் ரூ. 5,361 கோடி என்று காட்டப்பட்ட ரொக்க, வங்கி இருப்பில் ரூ. 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். கதையாகச் சொன்னால் மாணவர்கள் ஆர்வத்தோடு கேட்பார்கள், ஆனால் அவர்களிடம் எந்தத் திறனும் வளராது. அதனால் கதையை முதலில் சொல்லாதீர்கள். நிறுவனப் பெயரை மறைத்து, 5,361 கோடி என்ற எண்ணை மட்டும் பலகையில் எழுதி, ‘இந்தப் பணம் இருக்கிறது என்று எப்படி உறுதி செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். ‘வங்கியிடமிருந்து கடிதம் வாங்குவோம்’ என்பார்கள். யார் வாங்குவது, நிறுவனம் வாங்கித் தந்தால் போதுமா, உறை எந்த முகவரிக்கு வர வேண்டும் என்று தொடருங்கள். கோரிக்கையும் பதிலும் தணிக்கையாளரின் கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும் என்ற தணிக்கைத் தரநிலை 505-இன் விதியை அவர்கள் தாங்களே வந்தடைந்த பிறகு, பெயரையும் கடிதத்தையும் வெளிப்படுத்துங்கள். அந்தக் கடிதத்தில் உண்மை இலாபத்துக்கும் காட்டிய இலாபத்துக்கும் தொடக்கத்தில் இருந்த இடைவெளி சிறியது, அது ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது என்று சொல்லப்பட்டிருப்பதை வாசித்துக் காட்டுவது மிகவும் அவசியம்.

ஏனெனில் நம் மாணவர் சந்திக்கப்போவது 5,040 கோடியை அன்று, அந்தச் சிறிய இடைவெளியைத்தான். மார்ச் 30 அன்று முதலாளி வந்து, ஏப்ரல் 4-இல் போகும் சரக்குக்கு இன்றே பில் போடு, வங்கிக்கு விற்பனை காட்ட வேண்டும் என்பார். நேர்மை, நடுநிலை, தொழில் தேர்ச்சியும் உரிய கவனமும், இரகசியம் காத்தல், தொழிலுக்குரிய நடத்தை என்ற ஐந்து அடிப்படைக் கொள்கைகளையும் தேர்வில் வரிசை மாறாமல் எழுதியவர், அந்த நொடியில் வாய் திறக்க மாட்டார். அவரிடம் நல்ல மனம் இருக்கிறது; சொல்ல வேண்டிய வாக்கியம்தான் இல்லை. அந்த வாக்கியத்தை வகுப்பில் பழக்க வேண்டும். “ஐயா, சரக்கு ஏப்ரல்லதான் குடோனை விட்டுப் போகுது. மார்ச் தேதியில பில் போட்டா கணக்கு தப்பாயிடும், அதை நான் செய்ய முடியாதுங்க. பேங்க்குக்கு ஆர்டர் இருக்கிறதைக் காட்டணும்னா, பார்ட்டி கொடுத்த ஆர்டர் காப்பியோட ஒரு லெட்டர் இப்பவே தயார் பண்ணித் தர்றேன்.” மறுப்பு, காரணம், மாற்று வழி என்ற மூன்றும் மரியாதை குறையாமல் வருகின்றன. ஆசிரியர் முதலாளியாக நடித்து, குரலை உயர்த்தி, இரண்டாம் முறையும் வற்புறுத்த வேண்டும். முதல் மறுப்பைவிட இரண்டாவது மறுப்புதான் கடினம்.

இந்தப் பயிற்சிகளில் நான் செய்த ஒரு தவறை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். முதல் ஆண்டு ‘தன்னம்பிக்கை’ என்று ஒரு தலைப்பு வைத்து மதிப்பெண் கொடுத்தேன். உரக்கப் பேசியவர்கள் அதிகம் பெற்றார்கள். மெல்லிய குரலில், ஆனால் மிகச் சரியான காரணத்தோடு மறுத்த ஒரு மாணவி குறைவாகப் பெற்றார். அவர் அதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை, அதுவே இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதன்பின் குரலுக்கும் தோரணைக்கும் மதிப்பெண் தருவதை நிறுத்திவிட்டேன். சொன்ன வாக்கியத்தில் என்ன இருந்தது என்பதை மட்டுமே மதிப்பிடுகிறேன்.

மதிப்பெண்ணில் இடம் தேடுதல்

பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75, அக மதிப்பீட்டுக்கு 25 என்ற பகுப்பு நம் இணைவுக் கல்லூரிகளில் பரவலாக உள்ளது. அந்த 75-ஐ நாம் தொட முடியாது. 25-க்குள் ஒப்படைப்பு, கருத்தரங்கு என்ற பெயர்களில் இருக்கும் மதிப்பெண்களே நமக்குக் கிடைக்கும் நிலம். ஒப்படைப்புக்கு உரியதைக் கடிதத்துக்கும், கருத்தரங்குக்கு உரியதைக் குழுவின் வாய்மொழித் தேர்வுக்கும் மாற்றிவிட்டால், விதிமுறை எதையும் மீறாமலே எல்லாம் நடந்துவிடும். மதிப்பெண் இல்லாத பயிற்சியை மாணவர்கள் விளையாட்டாக நினைத்துக் கலைந்துவிடுவார்கள் என்பதால் இதில் தயக்கம் வேண்டாம். தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் படிப்புகளை மாணவர்கள் கூடவே படிக்கிறார்கள் என்றால், அங்கே கற்ற விரிதாள் அல்லது மென்பொருள் திறனை உங்கள் கணக்கிலேயே கேளுங்கள். டேலி என்ற கணக்கு மென்பொருளில் பதிவு செய்யச் சொல்லும்போது, ஏற்றிய பதிவை மாற்றினால் அந்த மாற்றத்தின் தடம் நிற்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நிறுமங்களுக்குக் கட்டாயமானதையும், அது ஏன் என்பதையும் ஐந்து நிமிடம் பேசிவிடலாம்.

கடைசி வாரம்

பருவத்தின் இறுதியில் ஒவ்வொரு மாணவரும் தன் தெருவில் உள்ள ஒரு சிறு கடையின் ஒரு மாதக் கணக்கை, உரிமையாளரின் ஒப்புதலோடு பார்த்து, அவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுத வேண்டும். ஒப்புதலை எழுத்தில் பெறுவதும், வகுப்பில் கடையின் பெயரையோ உரிமையாளரின் பெயரையோ சொல்லாதிருப்பதும் பயிற்சியின் பகுதிகளே. இரகசியம் காத்தல் என்பது அவர்களுக்கு முதன்முறையாகச் சொந்தப் பொறுப்பாகிறது. தேநீர்க் கடை, மளிகைக் கடை, தையற்கடை எதுவானாலும் சரி. பெரும்பாலான கடைகளில் ஏடு முறையாக இருக்காது; கடன் நோட்டும் ஜிபே வரவும் மட்டுமே இருக்கும். அவற்றிலிருந்து கணக்கை எழுப்புவது, முழுமைபெறாப் பதிவுகள் என்ற அத்தியாயத்தை உண்மையில் படிப்பதாகும்.

கடிதத்தைக் கடைக்காரருக்கு நேரில் வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்து முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியை, அவர் கேட்ட சொற்களிலேயே கடிதத்தின் பின்பக்கத்தில் மாணவர் எழுதிக் கொண்டுவர வேண்டும். நான் முன்பக்கத்தைப் படிப்பதற்கு முன் பின்பக்கத்தைத்தான் படிக்கிறேன். ‘சரிப்பா, நல்லாருக்கு’ என்று மட்டும் இருந்தால் கடிதத்தைத் திருப்பித் தந்து மீண்டும் எழுதச் சொல்கிறேன். ‘அப்போ அந்த மேஸ்திரிக்கு இனிமே கடன் கொடுக்க வேண்டாங்கிறியா?’ என்று இருந்தால், அந்தக் கேள்விக்கு மாணவர் என்ன விடை சொன்னார் என்பதை அடுத்த வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லச் சொல்கிறேன்.